கிரெடிட் கார்டு பாக்கி வழக்கு: பேங்க் கோர்ட்டில் எதையெல்லாம் நிரூபிக்கணும்?

பவர்டேபிள்_அவினாசி கேட்டது:

வணக்கமுங்க. என் மச்சான் மேல ஒரு தனியார் பேங்க் திருப்பூர் கோர்ட்டில் கிரெடிட் கார்டு பாக்கிக்குத் தாவா போட்டிருக்கு. சம்மன் போன வாரம் வந்துது. விவரம் இதுதானுங்க:

கார்டு 2018-ல் ஆன்லைன்ல எடுத்தது, லிமிட் ஒன்றரை லட்சம். நூல் கோன், டீசல், ஒரு செல்போன் எல்லாம் அதில் வாங்கினது உண்மை. கடைசியா 5,000 ரூபாய் கட்டினது 10.11.2020. தாவா போட்ட தேதி 12.2.2025. கேக்கற தொகை ரூ.3,87,460, மேல்கொண்டு வட்டி. பிராதோட (பேங்க் போட்ட வழக்கு மனுவோட) வந்த பேப்பர்கள் மூணே மூணு: ஒரு வக்கீல் நோட்டீஸ் நகல், ஒரு பவர் பத்திர நகல், 2021 ஜனவரியிலிருந்து ஆரம்பிக்கிற கணக்கு பிரிண்ட் அவுட். அந்தக் கணக்கின் முதல் வரியே "ஓப்பனிங் பேலன்ஸ் 1,61,240". அதுக்கு முன்னால என்ன நடந்ததுன்னு ஒண்ணுமில்லை. விண்ணப்பமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை.

14.8.2020-ல் 21,400, 17,500-னு ரெண்டு ஆன்லைன் செலவு விழுந்திருக்கு. அது அவர் பண்ணினது இல்லை. அன்னிக்கே கஸ்டமர் கேருக்கு போன் பண்ணியிருக்கார், மெயில் போடலை.

வெறும் பிரிண்ட் அவுட்டை வெச்சு இவ்வளவு தொகைக்கு டிக்ரி வாங்க முடியுமாங்க? பேங்க் என்ன என்ன காட்டியாகணும்? நாம எதை எப்படி மறுக்கறது?

---

நொய்யல்_வக்காலத்து:

முதல்ல தேதியைப் பாருங்க, சட்டத்தை அப்புறம் பார்க்கலாம். கார்டு வழக்குகளில் பேங்க் ஜெயிப்பது பெரும்பாலும் ஆவணத்தால் இல்லை, எதிர்த்தரப்பு வராததால்தான். பிரதிவாதி பெயரை மூணு தடவை கூப்பிட்டு ஆளில்லை என்றால் எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் இல்லாமலே ஒருதலையாகத் தீர்ப்பு. அதுக்கப்புறம் அந்த ஓப்பனிங் பேலன்ஸை யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. அமீனா (கோர்ட் ஊழியர்) கொண்டுவந்த சம்மனை வாங்காமல் விட்டால் தப்பிக்கலாம் என்று சொல்லும் ஆட்களை நம்பாதீங்க. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார், அதுவும் சம்மன் சேர்ந்ததாகவே கணக்கு.

சம்மனில் எந்த வகை வழக்கு என்று இருக்கும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 37-ன் கீழான சுருக்க வழக்கு என்றால் சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் ஆஜராகி, முகவரி கொடுத்தாகணும். பிறகு வாதி "தீர்ப்புக்கான சம்மன்" அனுப்புவார். அது வந்த 10 நாளுக்குள் வழக்காட அனுமதி கேட்டு அபிடவிட்டோடு (உறுதிமொழிப் பத்திரத்தோடு) மனு போடணும். இந்த இரண்டு பத்து நாளில் ஒன்றைத் தவறவிட்டாலும் வாதி டிக்ரி கேட்கலாம். சாதாரண ஓ.எஸ். (அசல் வழக்கு) என்றால் எதிருரைக்கு (பிரதிவாதி எழுத்தில் தரும் பதிலுக்கு) 30 நாள், கோர்ட் நினைத்தால் 90 நாள் வரை. எண் சி.ஓ.எஸ். என்று ஆரம்பித்தால் அது வணிக வழக்கு. அங்கே 120 நாள் தாண்டினால் எதிருரையை வாங்கவே மாட்டார்கள். வணிக வழக்கில் இன்னொன்று: அவசரத் தடை எதுவும் கேட்காத வழக்கு என்றால், போடுவதற்கு முன் வணிக நீதிமன்றச் சட்டம் 12-ஏ பிரிவின்படி சமரச முயற்சி நடந்திருக்கணும். நடக்காமல் போட்டிருந்தால் பிராதையே நிராகரிக்கக் கேட்கலாம், 2022-ல் உச்ச நீதிமன்றம் அது கட்டாயம் என்று சொல்லிவிட்டது. உங்க தொகை வணிக வழக்குக்கான 3 லட்ச வரம்புக்கு மேல் என்பதால் இதைக் கட்டாயம் பாருங்க. (20 லட்சத்துக்கு மேல் போனால்தான் கோவை கடன் வசூல் தீர்ப்பாயம். உங்களுக்கு அது இல்லை.)

இனி உங்க கேள்வி. நிரூபிக்கும் சுமை பேங்க் மேல்தான். ஒரு சங்கிலி மாதிரி காட்டணும்: இந்த ஆள் கார்டு கேட்டார், இந்த நிபந்தனைகளுக்குச் சம்மதித்தார், கார்டு அவர் கைக்குப் போனது, அவர் இயக்கினார், இன்னின்ன செலவு செய்தார், ஒப்புக்கொண்ட வீதத்தில் இவ்வளவு வட்டி, இவ்வளவு கட்டினார், மீதி இது. ஆன்லைன் விண்ணப்பம் என்றால் கையெழுத்துக்குப் பதில் ஓ.டி.பி. பதிவு, கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) பதிவு, கூரியர் ஒப்படைப்பு விவரம். ஒப்பந்தம் என்றால் இன்று இணையத்தில் இருக்கும் பதிப்பு இல்லை, 2018-ல் அமலில் இருந்த பதிப்பு. பல பேங்குகள் இதில்தான் கோட்டை விடும். சாட்சி கொண்டுவரும் நிபந்தனைத் தாளின் அடியில் அச்சான தேதியைப் பாருங்க. 2023 தேதி போட்ட தாள் 2018 ஒப்பந்தத்தை நிரூபிக்காது.

கணக்கு பிரிண்ட் அவுட் பற்றி இரண்டு தனித்தனி விஷயம் இருக்கு. இரண்டையும் குழப்பிக்காதீங்க.

ஒன்று, அதை ஆவணமாக ஏற்கலாமா என்பது. வங்கியர் புத்தகச் சாட்சியச் சட்டம் 1891, பிரிவு 2-ஏ பிரகாரம் கம்ப்யூட்டர் பிரிண்டுக்குக் கிளை மேலாளர் அல்லது தலைமைக் கணக்கர் ஒரு சான்று தரணும். கம்ப்யூட்டர் அமைப்புக்குப் பொறுப்பானவர் தனியாக இன்னொன்று தரணும். அதில் தகவலை யார் ஏற்ற முடியும், யாரும் திருத்தாமல் இருக்க என்ன பாதுகாப்பு, எப்படிச் சேமிக்கிறார்கள் என்ற விவரம் வரணும். தாவா 1.7.2024-க்குப் பிறகு போட்டது என்பதால் உங்களுக்குப் புதிய பாரதிய சாக்ஷ்ய சட்டம்தான். மின்னணு ஆவணம் என்று தாக்கல் செய்தால் அதன் 63-ஆம் பிரிவுச் சான்றில் ஏ பகுதி, பி பகுதி என்று இரண்டு இருக்கு. பி பகுதியை நிபுணர் நிரப்பணும், கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) எழுதணும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி சான்று வாசகத்தைத் தேதி மட்டும் மாற்றி ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கவனமாகப் படிங்க.

இரண்டாவது, ஆவணமாக ஏற்றாலும் அது மட்டுமே போதுமா என்பது. போதாது. கணக்குப் புத்தகப் பதிவு பொருத்தமான சாட்சியம், ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர்மேல் பொறுப்புச் சுமத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டம் 34-ஆம் பிரிவு, புதியதில் 28. சந்திரதர் கோஸ்வாமி எதிர் கௌஹாத்தி பேங்க் வழக்கில் 1966-லேயே உச்ச நீதிமன்றம் இதை பேங்க் கணக்குக்கே சொல்லியிருக்கு. பிரதிவாதி ஒப்புக்கொள்ளாத பதிவுக்கு, அந்தப் பணம் உண்மையில் போனது என்பதற்குத் தனி ஆதாரம் வேணும்.

"ஒப்புக்கொள்ளாத" என்பதில்தான் வழக்கே இருக்கு. எதிருரையில் பொத்தாம் பொதுவாக "பிராதில் கண்ட அனைத்தும் பொய்" என்று எழுதினால் ஆர்டர் 8, விதி 3 முதல் 5 வரை உங்களைக் கடிக்கும். குறிப்பாக மறுக்காத சங்கதி ஒப்புக்கொண்டதாகிவிடும். கார்டே எடுக்கவில்லை என்று எழுதுவது அதைவிட மோசம். அவர் பயன்படுத்தியது உண்மை, பணம் கட்டியிருக்கிறார், பேங்க் பழைய ஸ்டேட்மென்டைக் காட்டியதும் மொத்த எதிருரையின் மரியாதையும் போய்விடும். பொய் என்று தெரிந்து கீழே உறுதிமொழியில் கையெழுத்துப் போடவும் கூடாது. இப்படி இருக்கலாம்:

"பிரதிவாதி கார்டு பெற்றதும் சில கொள்முதல்கள் செய்ததும் உண்மை. பிராதின் 5-ஆம் பத்தியில் கண்ட ரூ.3,87,460 என்ற தொகை மறுக்கப்படுகிறது. 2021 ஜனவரிக் கணக்கில் ஆரம்பப் பாக்கியாகக் காட்டிய ரூ.1,61,240 எந்தெந்தக் கொள்முதலால், எந்த வட்டியால், எந்தக் கட்டணத்தால் உண்டானது என்பதற்கு வாதி ஆவணம் எதையும் தாக்கல் செய்யவில்லை. 14.8.2020 தேதியிட்ட ரூ.21,400, ரூ.17,500 ஆகிய இரு பரிவர்த்தனைகள் பிரதிவாதி செய்தவை அல்ல. வாதி கோரும் வட்டி வீதத்துக்குப் பிரதிவாதி சம்மதித்ததாகக் காட்டும் ஆவணம் எதுவும் இல்லை."

பத்தி எண், தொகை, தேதி. இவ்வளவு குறிப்பாக இருந்தால்தான் மறுப்பு.

எதிருரையோடு நிற்காமல், பேங்க் கையில் இருப்பதைக் கேட்டு மனு போடுங்க. ஆர்டர் 11, விதி 14-ன் கீழ் ஆவணங்களைத் தாக்கல் செய்யச் சொல்லலாம். பேங்க் புத்தகத்தைப் பார்வையிட வங்கியர் புத்தகச் சட்டம் 6-ஆம் பிரிவும் இருக்கு. (வணிக வழக்கு என்றால் ஆர்டர் 11-க்கே தனி வாசகம், விதி எண் மாறும்.) கேட்க வேண்டியவை: விண்ணப்பப் பதிவு, 2018-ன் நிபந்தனைகள், முதல் மாதத்திலிருந்து எல்லா மாத ஸ்டேட்மென்ட், வட்டி வீதம் மாறியபோது அனுப்பிய அறிவிப்பு, 14.8.2020 புகாரின் அழைப்புப் பதிவு. கோர்ட் உத்தரவிட்டும் தரவில்லை என்றால், தந்திருந்தால் அது அவர்களுக்கு எதிராக இருந்திருக்கும் என்று அனுமானிக்கச் சொல்லலாம்.

பவர் பத்திரத்தை வைத்து வழக்கையே தள்ளச் சொல்லும் வாதத்தில் ரொம்பச் சக்தியைச் செலவழிக்காதீங்க. யுனைடெட் பேங்க் எதிர் நரேஷ் குமார் தீர்ப்பு 1996-லேயே வந்துவிட்டது. கையெழுத்து அதிகாரத்தில் குறை இருந்தாலும் பேங்க் பின்னால் அதை அங்கீகரித்துக் கொள்ளலாம்.

---

சென்னிமலை_தறி:

இவ்வளவு சிரமம் எதுக்குங்க? கடைசியாகக் கட்டினது 2020 நவம்பர். மூணு வருஷம் 2023 நவம்பரோடு முடிஞ்சுது. தாவா 2025-ல். கெடு தாண்டின வழக்கு, முதல் வாய்தாவிலேயே தள்ளுபடி கேளுங்க.

---

கோபி_குமாஸ்தா:

தறிக்காரரே, மூணு வருஷம் என்பது சரி. நடுவில் கோவிட் விலக்கு ஒன்று இருக்குங்க. 15.3.2020 முதல் 28.2.2022 வரையான காலத்தைக் காலவரம்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 10.1.2022-ல் உத்தரவு போட்டது. இவருடைய தவணை தவறியது அந்தக் காலத்துக்குள்ளேயே. அதனால் மூணு வருஷம் 1.3.2022-ல்தான் ஓட ஆரம்பிக்குது, 2025 பிப்ரவரிக் கடைசியில் முடியுது. தாவா 12.2.2025. பேங்க் வக்கீல் கணக்குப் போட்டே கடைசி மூணு வாரத்துக்குள் தாக்கல் செய்திருக்கார். மொத்த வழக்கும் கெடு தாண்டியது என்று நம்பி எதிருரையை எழுதினால் அடிப்படையே ஆடிப்போகும்.

அதுக்காகக் காலவரம்பை விட்டுவிடவும் வேண்டாம். 15.3.2020-க்கு முன்னாலேயே கட்டத் தவறிய பில் ஏதாவது அந்த 1,61,240-க்குள் இருந்தால், அதுக்கு ஓடின மாதங்கள் ஓடினதுதான். மீதி மாதங்கள் மட்டும் 1.3.2022-லிருந்து சேரும். பகுதித் தொகை கட்டினால் புதுசாக மூணு வருஷம் கிடைக்கும் என்பது காலவரம்புச் சட்டம் 19-ஆம் பிரிவு. ஆனால் கட்டியது, கட்டியவரின் கையெழுத்திலோ அவர் கையொப்பமிட்ட எழுத்திலோ தெரியணும். ஆட்டோ டெபிட்டில் போன பணத்துக்கு அந்த எழுத்து எங்கே என்று கேட்கலாம். இது தனியாக வழக்கை ஜெயித்துத் தராது. ஆனால் பேங்க் 2018-லிருந்து மாதவாரிக் கணக்கைக் காட்டியே ஆகணும் என்ற வாதத்துக்கு நல்ல முட்டுக்கொடுக்கும், ஏனென்றால் மாதவாரிக் கணக்கு இல்லாமல் எந்தத் தொகை கெடுவுக்குள் வருது என்றே கோர்ட்டால் பார்க்க முடியாது.

இப்போது தாவா ஓடுகிற நேரத்தில் வசூல் ஆட்களுக்கு எழுத்தில் எதுவும் அனுப்பாதீங்க. "டைம் குடுங்க, முழுசும் கட்டிடறேன்" என்று வாட்ஸ்அப்பில் போட்டால், அது கையெழுத்தான ஒப்புதலா இல்லையா என்ற சட்டச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், தொகையை மறுக்கும் உங்க எதிருரைக்கு நேர் எதிராக அதைக் காட்டுவார்கள். கெடு முடிந்த பழைய கடன் வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கணும். முடிந்த கடனைக் கட்டுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டம் 25(3) பிரகாரம் அது புது ஒப்பந்தமாகவே நிற்கும்.

---

ஈரோடு_கணக்கு:

சட்டம் மேலே வந்தாச்சு. நான் தொகையை மட்டும் எடுத்துக்கறேன், ஏன்னா இந்த வகை வழக்குகளில் அசல் எவ்வளவு என்று யாருமே பிரித்துப் பார்ப்பதில்லை.

மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்க, வருஷத்துக்கு 42. வட்டிமேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இரண்டும் சேர்ந்தால் மாதம் 4.13. ஒரு லட்சம் பாக்கியை ஒன்றும் கட்டாமல் 24 மாதம் விட்டு, வட்டியையும் வரியையும் மாதாமாதம் அசலில் ஏற்றினால் சுமார் 2,64,000 ஆகும். வட்டியை மட்டும் அசலில் ஏற்றி, வரியைத் தனியாக வைத்தால் சுமார் 2,51,000. எதையும் ஏற்றாமல் நேர் வட்டியும் வரியும் என்றால் 1,99,120. அதே கடன், அதே வீதம், மூணு விடை. தாமதக் கட்டணம் இதில் இன்னும் சேரவில்லை.

எந்த விடை சரி என்பதுக்கு இரண்டு பிடி இருக்கு. ரிசர்வ் பேங்கின் 2022 கார்டு வழிகாட்டுதல், கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலில் ஏற்றி அதுமேல் வட்டி போடக் கூடாது என்கிறது. இந்தப் பகுதி 1.10.2022-லிருந்து அமல். ஆகவே கணக்கை அந்தத் தேதியில் இரண்டாக வெட்டிப் பாருங்க, அதுக்குப் பின்னாலும் தாமதக் கட்டணம்மேல் வட்டி ஓடியிருந்தால் நேரடி மீறல். அதுக்கு முந்தின காலத்துக்கு சென்ட்ரல் பேங்க் எதிர் ரவீந்திரா, 2001, ஐந்து நீதிபதிகள் அமர்வு. ஒப்பந்தப்படி வட்டியை அசலில் ஏற்றலாம், ஆனால் அபராத வட்டியை ஏற்றக் கூடாது. ஒப்பந்தமே தாக்கல் ஆகவில்லை என்றால் "ஒப்பந்தப்படி" என்ற சொல்லுக்கே பேங்க் பதில் சொல்லணும்.

செய்ய வேண்டியது ஒரு எக்செல் தாள். தேதி, கொள்முதல், வட்டி, தாமதக் கட்டணம், லிமிட் மீறல் கட்டணம், ஜி.எஸ்.டி., கட்டியது, மீதி என எட்டுப் பத்தி. மெயிலில் வந்த பழைய ஸ்டேட்மென்ட்டுகள் கிடைத்தால் 2018-லிருந்து ஒவ்வொரு வரியையும் அதனதன் பத்தியில் போடுங்க. கடைசியில் கொள்முதல் மொத்தத்திலிருந்து கட்டின மொத்தத்தைக் கழியுங்க. அந்த எண்தான் சமரசம் பேசும்போதும் குறுக்கு விசாரணையிலும் உங்க கையில் இருக்க வேண்டிய எண். லிமிட் 1,50,000, ஓப்பனிங் பேலன்ஸ் 1,61,240 என்பதே ஒன்று சொல்லுது: குறைந்தது 11,240 ரூபாய் லிமிட்டுக்கு மேலே போயிருக்கு. அதில் எவ்வளவு கொள்முதல், எவ்வளவு வட்டியும் கட்டணமும் என்று பேங்க்தான் பிரித்துக் காட்டணும்.

"30 சதவீதத்துக்கு மேல் வட்டி சட்டவிரோதம்" என்று எழுதிவிடாதீங்க. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் அப்படிச் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை ரத்துச் செய்துவிட்டது. வீதம் அதிகம் என்பதற்காகவே பேங்க் கணக்கைக் கோர்ட் திறந்து பார்க்க முடியாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 21-ஏ பிரிவும் இருக்கு. அதனால் "வீதம் கொடுமை" என்று அழுவதில் பலனில்லை. "இந்த வீதத்துக்கு நான் சம்மதித்ததைக் காட்டு" என்பதுதான் நிற்கும். தாவா தேதிக்கு அப்புறமான வட்டி கோர்ட்டின் விருப்பம், சிவில் நடைமுறைச் சட்டம் 34. டிக்ரிக்குப் பின் சாதாரணமாக 6 சதவீதம்தான் உச்சம், வணிகக் கடன் என்றால் ஒப்பந்த வீதம் வரை போகலாம். நூல் கோன் வாங்கினதைத் தொழில் கடன் என்று பேங்க் பிடித்துக்கொள்ளக் கூடும், எதிருரையில் அந்தச் சொல்லை நீங்களாக எடுத்துக் கொடுக்காதீங்க.

அவர் செய்யாத அந்த இரண்டு ஆன்லைன் செலவு, மொத்தம் 38,900 பற்றி. ரிசர்வ் பேங்கின் 6.7.2017 சுற்றறிக்கைப்படி, தவறு பேங்க் மேலும் இல்லாமல் வாடிக்கையாளர் மேலும் இல்லாமல் வெளி ஆள் செய்த மோசடி என்றால், தகவல் கிடைத்த மூணு வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. நாலு முதல் ஏழு நாளுக்குள் சொன்னால், ஐந்து லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிப்பது பேங்கின் வேலை. ஆனால் ஓ.டி.பி.-யை அவரே யாருக்காவது சொல்லியிருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும், புகார் பண்ணின நேரம் வரைக்குமான நஷ்டம் அவர் தலையில்தான். அன்னிக்கே போன் பண்ணினதுக்கு ஆதாரம் தேடுங்க: புகார் எண் வந்த எஸ்.எம்.எஸ்., போன் கம்பெனி பில்லில் அந்த அழைப்பு, அடுத்த மாத ஸ்டேட்மென்டில் தற்காலிகமாகத் திருப்பி வரவு வைத்த வரி. மூணில் ஒன்று இருந்தாலும் பெரிய பலம். ஒன்றுமே இல்லை, அதுக்கப்புறம் இரண்டு மாதம் சத்தமில்லாமல் மினிமம் கட்டியிருக்கிறார் என்றால் அந்த வாதம் மெலிந்துபோகும், அதையும் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிடுங்க.

---

பவர்டேபிள்_அவினாசி:

ரொம்ப நன்றிங்க. சம்மனைப் பார்த்தோம், சாதாரண ஓ.எஸ். தானுங்க. இன்னும் மூணு சந்தேகம். "உங்க கடனை நாங்க வாங்கிட்டோம்"னு வேற ஒரு கம்பெனி லெட்டர் அனுப்பியிருக்கு, ஆனா தாவா பேங்க் பேரில்தான் இருக்கு. அடுத்தது, பேங்க் சாட்சி கூண்டில் ஏறினா என்ன கேக்கறது? கடைசியா, வசூல்காரர் ஒருத்தர் போன்ல "2 லட்சத்து 20 ஆயிரம் கட்டி முடிங்க, இல்லைன்னா அரெஸ்ட், மெஷினெல்லாம் ஜப்தி"ங்கறார். வீட்டில் பயந்து போயிருக்காங்க.

---

நொய்யல்_வக்காலத்து:

வாங்கின கம்பெனி: கடன் கைமாற்றம் செல்லும், ஆனால் எழுத்தில், விற்றவர் கையொப்பத்தோடு இருக்கணும். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 130. ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒரே பத்திரத்தில் மாற்றுவார்கள், அட்டவணை தனியாக இருக்கும். உங்க மச்சானின் கணக்கு எண் அந்த அட்டவணையில் இருக்கிற பக்கம் இல்லாமல், வெறும் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் காட்டினால் போதாது. தாவா போட்ட தேதிக்கு முன்பே விற்றுவிட்டார்கள் என்றால், அன்று பேங்குக்கு அந்தக் கடனில் என்ன உரிமை என்று எதிருரையிலேயே கேளுங்க. பின்னால் விற்றிருந்தால் புதுக் கம்பெனி ஆர்டர் 22, விதி 10-ன்படி கோர்ட் அனுமதியோடு உள்ளே வரணும், அல்லது பேங்கே நடத்தணும். எதுவாக இருந்தாலும் இது தெளிவாகும்வரை இரண்டு பேரில் யாருக்கும் பணம் கட்டாதீங்க. கடிதத்தின் உறையையும் பத்திரமாக வையுங்க, தபால் முத்திரைத் தேதி பயன்படும்.

சாட்சி: வருகிறவர் பெரும்பாலும் வசூல் பிரிவு அலுவலர், கார்டு கொடுத்தபோது வேலையிலேயே இருந்திருக்க மாட்டார். அது குற்றமில்லை, பதிவேட்டைப் பார்த்து அலுவலர் சாட்சி சொல்லலாம். ஆகவே "உனக்கு நேரடியாகத் தெரியுமா" என்று மட்டும் கேட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. பதிவேட்டையே கேளுங்க. இந்தக் கணக்கை எந்தச் சர்வரிலிருந்து, எந்தத் தேதியில், யார் பிரிண்ட் எடுத்தது? சான்றில் கையொப்பமிட்டவர் அந்த அமைப்புக்குப் பொறுப்பானவரா, அதுக்கு உத்தரவு இருக்கா? 2021 ஜனவரிக்கு முந்தின கணக்கு பேங்கிடம் இருக்கா? இருந்தால் ஏன் தாக்கல் செய்யவில்லை, இல்லை என்றால் 1,61,240 எங்கிருந்து வந்தது? இந்த வரியில் இருக்கும் வட்டி என்ன வீதம், நிபந்தனையின் எந்தப் பத்தியில் அந்த வீதம் இருக்கு? 3,87,460-ல் கொள்முதல் மட்டும் எவ்வளவு? கடைசிக் கேள்விக்கு "தெரியாது" என்ற பதில் பதிவானால் பேங்க் வழக்கின் நடு விட்டமே ஆடிவிடும்.

ஒரு எச்சரிக்கை. சான்று இல்லாத பிரிண்டையோ நகலையோ அவர்கள் சாட்சிய ஆவணமாகக் குறியீடு செய்யும் அந்த நிமிஷமே உங்க வக்கீல் ஆட்சேபம் பதிவு செய்யணும். நிரூபிக்கும் முறையில் குறை என்றால் அப்போதே சொல்லணும், அப்பீலில் முதல்தடவையாகச் சொல்ல முடியாது. வேங்கடாசல கவுண்டர் எதிர் அருள்மிகு விஸ்வேசுவரசுவாமி கோயில் வழக்கில் 2003-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. நம்ம பக்கத்து வக்கீல்கள் எல்லாருக்கும் பாடமான தீர்ப்பு, ஆனாலும் ப்ரூப் அபிடவிட் (சாட்சியின் எழுத்து வாக்குமூலம்) தாக்கலாகும் அவசரத்தில் இந்த ஆட்சேபம் அடிக்கடி விட்டுப்போகுது. முந்தின நாளே ஞாபகப்படுத்துங்க.

அரெஸ்ட் மிரட்டல்: இது சிவில் பாக்கி, போலீஸ் வராது. டிக்ரி ஆகி, நிறைவேற்று மனு போட்டு, நோட்டீஸ் கொடுத்து, பணம் இருந்தும் வேண்டுமென்றே கட்டவில்லை என்று பேங்க் காட்டினால்தான் சிவில் சிறை என்ற பேச்சே வரும். வசதி இல்லாதவரைக் கடனுக்காகச் சிறையில் அடைக்கக் கூடாது என்று ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980-லேயே தீர்ப்பு. பெண்களைப் பண டிக்ரிக்காகக் கைது செய்யவே முடியாது. ஜப்தியும் டிக்ரிக்குப் பின்தான். (அதுக்கு முன் வேணும் என்றால், சொத்தை ஒளிக்கிறார் என்று கோர்ட்டுக்குக் காட்டித் தனி உத்தரவு வாங்கணும்.) சிவில் நடைமுறைச் சட்டம் 60-ல் கைத்தொழிலாளியின் கருவிகள், உழவனின் கலப்பை, உழவு மாடு, விதை எல்லாம் ஜப்தியிலிருந்து விலக்கு. அவரே உட்கார்ந்து தைக்கிற மெஷினுக்கு இந்த விலக்கைக் கேட்கலாம். ஆள் வைத்து ஓட்டுகிற பத்து பவர் டேபிளுக்கும் சேர்த்து எதிர்பார்க்காதீங்க. சம்பளக்காரர் என்றால் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாது. வசூல்காரர் காலை 8-க்கு முன், மாலை 7-க்குப் பின் கூப்பிட்டால் அது ரிசர்வ் பேங்க் விதிக்கு விரோதம், அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன் ஷாட் எடுத்து பேங்கின் குறைதீர் அலுவலருக்கு மெயிலில் அனுப்புங்க.

சமரசம்: பேசலாம், பேசறது நல்லதுதான். அவர் வாங்கின சாமானுக்குப் பணம் தர வேண்டியது நியாயம், சண்டை அதுமேல் ஏறின தொகையைப் பற்றித்தான். ஈரோடுக்காரர் சொன்ன அந்தத் தாளில் வருகிற எண்ணிலிருந்து பேச்சை ஆரம்பிங்க, வசூல்காரர் சொல்கிற 2,20,000-லிருந்து இல்லை. பேசறது போனில் இல்லாமல், பேங்க் வக்கீலோடு, லோக் அதாலத்தில் வைத்துக்கொள்ளுங்க. அங்கே முடிந்தால் பேங்க் கட்டின கோர்ட் கட்டணம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதால் இறங்கி வர ஒரு காரணமும் இருக்கு. மொத்தத் தொகை, தவணைத் தேதிகள், ஒரு தவணை பிந்தினால் என்ன, இதோடு எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது, வேறு கம்பெனிக்கு விற்கவில்லை அல்லது விற்ற கம்பெனியும் கையொப்பமிடுகிறது, இத்தனை நாளுக்குள் பாக்கியில்லாச் சான்று என்று எல்லாம் அந்தத் தாளிலேயே வரணும். கிரெடிட் ரிப்போர்ட்டில் "செட்டில்டு" என்று வருமா "குளோஸ்டு" என்று வருமா என்பதையும் எழுதச் சொல்லிக் கேளுங்க, முதலாவது வந்தால் அடுத்த கடன் கேட்கும்போது இடிக்கும். பணம் பேங்க் கணக்கு வழியாக மட்டும், வசூல்காரர் கையில் ரொக்கமாக ஒரு ரூபாயும் வேண்டாம்.

சமரசம் பேசிக்கிட்டிருக்கிறோம் என்று வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீங்க. பேச்சு ஒரு பக்கம் நடக்க, இன்னொரு பக்கம் எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகிவிடும். அப்படி ஆனால் ரத்துக் கேட்க டிக்ரி தேதியிலிருந்து 30 நாள்தான், அவருக்குத்தான் சம்மன் வந்துவிட்டதே. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் திருப்பூர் கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100-க்குக் கூப்பிட்டும் கேட்கலாம். சம்மன், அது வந்த உறை, மூணு பேப்பர், பழைய ஸ்டேட்மென்ட் இருக்கிற மெயிலின் பாஸ்வேர்ட், இத்தனையும் எடுத்துக்கிட்டு இந்த வாரமே போங்க.